மார்த்தாண்டம் சி ஷார்ப் வீக்கெண்ட் கிளாஸ்: டெலிகேட் நடத்துற ரெண்டு நாளுக்காகவே போலாம்

மொதல்லயே சொல்லிடுறேன், சென்டருக்க பேரு இதுல வராது. பாதி பாராட்டப் போறேன், பாதி திட்டப் போறேன், பேரு சொல்லி திட்டுற அளவுக்கு எனக்கு அவங்க மேல கோவமும் இல்ல. மார்த்தாண்டத்துல ஒரு மாடி ரூம், சனி ஞாயிறு காலையில 10 மணியில இருந்து 1 மணி வர, மொத்தம் ஆறு வாரம், ஃபீஸ் 5,500 ரூபா, சி ஷார்ப் (C#)ங்குற புரோகிராமிங் மொழி மட்டும்தான், வெப் கிடையாது, டேட்டாபேஸ் கிடையாது. நான் தக்கலைல இருந்து பஸ்ல போய்ட்டு வந்தேன். ஜூன் மாசம் சேந்ததால ரெண்டு நாள் ஈரத்துணியோட உக்காந்து படிச்சேன், அது சென்டருக்க குத்தம் இல்ல, நம்ம ஊரு மழை அப்படித்தான்.

நான் ஒண்ணும் புதுசா படிக்கப் போன ஆளு இல்ல கேட்டியளா. எட்டு வருஷமா கோட் அடிக்கேன், அதுல நாலு வருஷம் தினமும் டிரெயினும் பஸ்ஸுமா திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு ஓடிட்டு, பிறவு முதுகு போனதும் விட்டுட்டு இப்பம் வீட்ல இருந்தே நாகர்கோவில், தக்கலை, குலசேகரம் பக்கம் உள்ள கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் குடுக்கேன். டெலிகேட்னா என்னன்னு தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் 'டைப் சேஃப் ஃபங்ஷன் பாயிண்டர்'னு (பிறவு கூப்பிட வேண்டிய ஒரு வேலைய, அதாவது மெத்தட்ட, சுட்டி வைக்குற சாமானம்) சொல்லுவேன், இன்டர்வியூல எல்லாம் அத ஒப்பிச்சுத்தான் தப்பிச்சிருக்கேன். ஆனா எனக்கு அது சத்தியமா தெரியாதுன்னு காட்டிக் குடுத்தது ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி.

அவரு கடையில காலையில முதல் பில் அடிச்சா ஒரு பேப்பர் வரும். மத்தியானம் ஆனா ஒரு பில்லுக்கு மூணு பேப்பர். சாயங்காலம் ஏழு வந்த நாளும் உண்டு. "தம்பி, நீங்க பேப்பர் ரோலுக்கும் ஏஜென்ட் எடுத்திருக்கியளோ"ன்னு போன்ல கேட்டாரு பாருங்க, அத நான் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். அவரே ஒரு வைத்தியமும் கண்டுபிடிச்சு வச்சிருந்தாரு, சோறு திங்க போறதுக்கு முன்ன கம்ப்யூட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவாரு, மறுபடி ஒண்ணுல இருந்து தொடங்கும். நான் போட்ட வைத்தியம் அத விட கேவலம், 'ஏற்கனவே பிரின்ட் ஆச்சா'ன்னு ஒரு ஃப்ளாக் வச்சு அடைச்சேன், அப்புறம் கஸ்டமர் டூப்ளிகேட் பில் கேட்டா அதுவும் வராது.

இதுல கடுப்பு என்னன்னா காரணம் எனக்கு தெரியும்னு தான் நினைச்சேன். பில்லிங் ஃபார்ம் திறக்கும்போது 'பில் சேவ் ஆச்சு'ங்குற ஸ்டாட்டிக் ஈவென்ட்டுல (ஒண்ணு நடந்தா சேத்து வச்ச வேலைகள எல்லாம் கூப்பிடுற அறிவிப்பு, புரோகிராமுக்கே பொதுவா ஒண்ணு) பிளஸ்-ஈக்குவல் (+=) போட்டு பிரின்ட் வேலைய சேக்குறேன், மூடும்போது மைனஸ்-ஈக்குவல் (-=) போட்டு எடுக்கணும், எடுக்காம விட்டா ஒவ்வொரு தடவ ஃபார்ம் திறக்கும்போதும் ஒண்ணு கூடும். சரி. ஆனா நான் தான் எடுத்திருந்தேனே! கோட்ல மைனஸ்-ஈக்குவல் கண்ணு முன்னாடி நிக்குது, எர்ரர் இல்ல, வார்னிங் இல்ல, பேப்பர் மட்டும் மூணு வருது. ரெண்டு வாரம் முழிச்சேன். எனக்க கூட்டுக்காரன் ஒருத்தன் தான் "மார்த்தாண்டத்துல ஒரு சாரு டெலிகேட் நடத்துவாரு, வேற எத நடத்துனாலும் சுமார் தான், ஆனா அது மட்டும் கேட்டுட்டு வா"ன்னான். அப்படி போய் சேந்தது.

கூட்டுக்காரன் சொன்னது ரொம்ப சரி. முதல் மூணு வாரம் கிளாஸ், ஆப்ஜெக்ட், இன்ஹெரிட்டன்ஸ், நாயும் பூனையும் 'அனிமல்'ல இருந்து வரும், அதே பழைய பாட்டு. கொட்டாவி விட்டேன். மூணாவது வாரம் ஃபீஸ திருப்பி கேட்டுரலாமான்னு கூட யோசிச்சேன், கிட்டாதுன்னு தெரிஞ்சு தான் கேக்கல.

நாலாவது வாரம் சனிக்கிழமை சாரு லேப்டாப்ப திறக்கவே இல்ல. போர்டுல குளச்சல் கடற்கரைன்னு எழுதிட்டு, "மக்களே, கரையில ஒரு தரகரு நிக்காரு, கையில ஒரு நோட்டு. போட் வந்தா யார் யார கூப்பிடணும்னு நம்பர் எழுதி வச்சிருக்காரு"ன்னு ஆரம்பிச்சாரு. தரகருக்கு வியாபாரி என்ன பண்ணுவாருன்னு தெரியாது, தெரியவும் வேண்டாம். ஒருத்தர் ஐஸ் பெட்டியோட லாரி அனுப்புவாரு, ஒருத்தர் பைக்ல கூடை கட்டிட்டு வருவாரு, ஒரு ஹோட்டல்காரரு அடுப்ப பத்த வப்பாரு. தரகருக்கு ஒரே ஒரு கண்டிஷன் தான், போன எடுக்குற ஆளு மீன் பேரு ஒண்ணு, எத்தன கிலோன்னு ஒண்ணு, இந்த ரெண்டையும் கேட்டுக்கிடத் தெரிஞ்ச ஆளா இருக்கணும், திருப்பி எதுவும் சொல்ல வேண்டாம். "இந்த கண்டிஷன் தான் டெலிகேட் டைப்பு. சிக்னேச்சர்னு புக்குல போட்டிருப்பான். கிலோ கேக்கத் தெரியாதவன் நம்பர எழுதப் போனா கம்பைலர் அங்கயே பேனாவ பிடுங்கிரும்"ன்னாரு. (கம்பைலர்னா நாம எழுதுன கோட ஓடுறதுக்கு முன்னயே சரி பாத்து மாத்திக் குடுக்குற சாமானம்.) டைப் சேஃப்னு எட்டு வருஷமா ஒப்பிச்ச எனக்கு அந்த 'சேஃப்' எதுக்குன்னு அப்பம் தான் உறைச்சுது. சி லாங்குவேஜ்ல ஃபங்ஷன் பாயிண்டர காஸ்ட் பண்ணி எந்த அட்ரஸ வேணா குத்தி விடலாம், ஓடும்போது தான் சாடி விழும். இங்க அந்த சோலியே கிடையாது.

அடுத்து அவரு கேட்ட கேள்வி இன்னும் கொள்ளாம். "நம்பர் மட்டும் இருந்தா போதுமா, யாருக்க நம்பர்னு வேண்டாமா?" அதாவது டெலிகேட்டுக்குள்ள ரெண்டு விஷயம் உக்காந்திருக்கு, மெத்தட்னு ஒண்ணு, டார்கெட்னு ஒண்ணு. மெத்தட்னா செய்ய வேண்டிய வேலை, டார்கெட்னா அந்த வேலைய செய்யுற ஆளு, அதாவது ஆப்ஜெக்ட். ஸ்டாட்டிக் மெத்தட்னா தனி ஆளு கிடையாது, டார்கெட் நல்லா இருக்கும் (நல்லா-ன்னா நல்லபடியா இல்ல, 'நல்', ஒண்ணுமில்ல). தரகருக்க நோட்டுல ஒரு வியாபாரிக்க பேரு இருக்குற வர அந்த ஆளு கடைய மூடிட்டு ஊருக்கு போயிட்டாலும் சிஸ்டத்த பொறுத்தவர அவரு இன்னும் கரையில நிக்காரு, வேண்டாத ஆப்ஜெக்ட்ட மெமரியில இருந்து தூக்குற கார்பேஜ் கலெக்டர் அவர தொடாது. எனக்க ஜவுளிக்கடை கம்ப்யூட்டர் சாயங்காலம் ஆனா எதுக்கு இழுத்துச்சுன்னு அந்த நிமிஷம் வெளங்கிச்சு, மூடுன ஃபார்ம் ஒண்ணு கூட சாகல, எல்லாம் மெமரியில உயிரோட நின்னு ஆளுக்கு ஒரு பேப்பர் அடிச்சிட்டு இருந்திருக்கு. ஸ்டாட்டிக் ஈவென்ட்டுங்குறதால புரோகிராம் ஓடுற வர அந்த நோட்டும் போகாது. அண்ணாச்சி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனது தான் சரியான வைத்தியம், மனுஷன் என்ன விட புத்திசாலி.

அன்னைக்கு ஒரு எக்ஸர்சைஸ் குடுத்தாரு, அத மட்டும் நான் யாரு கேட்டாலும் சொல்லிக் குடுப்பேன். மூணு வியாபாரி, மூணு மெத்தட், மூணையும் ஒரே டெலிகேட்டுல பிளஸ் பண்ணி வச்சுட்டு ரெண்டாவது ஆளு மட்டும் எக்ஸெப்ஷன் (ஓடும்போது வர்ற பிழை) எறியணும். மூணாவது ஆளுக்கு போன் போகுமா? கிளாஸ்ல பாதி பேரு போகும்னாங்க. போகாது. தரகரு வரிசையா ஒவ்வொருத்தரா தான் கூப்பிடுவாரு, ஒருத்தர் பேசி முடிச்சு வேலையும் முடிச்ச பிறவு தான் அடுத்த நம்பர், நடுவுல ஒருத்தர் சண்ட போட்டு தரகரு போன தூக்கி கடல்ல எறிஞ்சா மீதி ஆளுக்கு சேதியே போகாது. எல்லாருக்கும் போகணும்னா கெட்-இன்வோகேஷன்-லிஸ்ட்ட வாங்கி நாமளே லூப் போட்டு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா, பிழைய பிடிக்குற டிரை-கேட்ச் வைக்கணும். இதுக்கூட இன்னொண்ணும் சொன்னாரு, போன் பண்ணுறவரு எந்த திரெட்ல (புரோகிராமுக்குள்ள தனியா ஓடுற வேலை வரிசை) நிக்காரோ அந்த திரெட்ல தான் வேலையும் ஓடும், டெலிகேட் போட்டுட்டா தானா பின்னால போய் ஓடும்னு நினைக்கக் கூடாதுன்னு. சீரியல் போர்ட்ல பார்கோட் ஸ்கேனர் மாட்டுனவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும், டேட்டா வந்துச்சுன்னு சொல்லுற ஈவென்ட் வேற திரெட்ல வரும், அதுக்குள்ள இருந்து நேரா டெக்ஸ்ட்பாக்ஸ தொட்டா எக்ஸெப்ஷன் அடிக்கும், கன்ட்ரோல்-டாட்-இன்வோக் வழியா, ஸ்கிரீன கவனிக்குற யூஐ திரெட்டுக்கு தள்ளணும். நான் அத எங்கயோ பாத்து காப்பி பேஸ்ட் பண்ணி வச்சிருந்தேன், எதுக்குன்னே தெரியாம அஞ்சு வருஷம்.

ரிட்டர்ன் வேல்யூ விஷயத்துல கருங்கல்ல இருந்து வந்த ஒரு அக்கா மாட்டுனாங்க. ரெண்டு பிள்ளைங்களுக்கு பிறவு திரும்ப வேலைக்கு போகணும்னு படிக்க வந்தவங்க, கிளாஸ்லயே கெட்டி அவங்க தான். மூணு தள்ளுபடி மெத்தட்ட ஒண்ணா சேத்து கூப்பிட்டாங்க, பண்டிகை தள்ளுபடி 10, பழைய கஸ்டமர் 5, ரொக்கம் 2, மொத்தம் 17 வரும்னு எதிர்பாத்தா 2 தான் வந்துச்சு. கடைசியா கூப்பிட்ட ஆளு சொன்னது மட்டும் தான் கையில நிக்கும், முன்ன ரெண்டு பேரு சொன்னது காத்தோட போச்சு. அக்கா விடல, "அப்பம் முன்னால உள்ள ரெண்டு பேரையும் எதுக்கு சார் கூப்பிடுது?"ன்னு கேட்டாங்க. சாரு சிரிச்சுட்டு "அதனால தான் ஈவென்ட் எல்லாம் வாய்டா இருக்கு"ன்னாரு, வாய்ட்னா திருப்பி எதுவும் தராதது. சரியான கேள்வி, சரியான பதில்.

ஈவென்ட் எதுக்கு, வெறும் டெலிகேட்ட பப்ளிக்கா வச்சா என்னங்குறதுக்கும் அதே நோட்டு தான். நோட்ட கரையில திறந்து வச்சுட்டு போனா எவன் வேணா வந்து எல்லா நம்பரையும் கிழிச்சு எறிஞ்சுட்டு எனக்க நம்பர் மட்டும் போதும்னு எழுதலாம் (வெறும் ஈக்குவல் போடுறது), இல்ல போட்டே வராம எல்லாருக்கும் போன் போட்டு சாளை வந்தாச்சுன்னு புரளி கிளப்பலாம். ஈவென்ட்னு ஒரு வார்த்தை முன்னால போட்டா நோட்டு தரகருக்க மடிக்குள்ள போயிரும், வெளிய உள்ளவன் எனக்க நம்பர சேரு, எனக்க நம்பர எடு, இந்த ரெண்டு தான் கேக்கலாம். அவ்வளவு தான் ஈவென்ட்டு. இத நாலு பக்கத்துக்கு எழுதுன புக்கெல்லாம் நான் காசு குடுத்து வாங்கிருக்கேன்.

பின் பெஞ்சுல ஒரு ஜாவா தம்பி. "சார், ஒரே ஒரு மெத்தட் உள்ள இன்டர்ஃபேஸ் போட்டா இதே வேலை நடக்குமே, எதுக்கு தனியா டெலிகேட்டு?" (இன்டர்ஃபேஸ்னா ஒரு கிளாஸ்ல எந்தெந்த மெத்தட் இருக்கணும்னு சொல்லுற ஒப்பந்தம்.) இந்த இடத்துல தான் சாரு கதை சொன்னாரு, எனக்கு கதை பிடிக்கும். ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க்னு ஒரு டென்மார்க்காரரு, போர்லண்ட் கம்பெனில டர்போ பாஸ்கல், டெல்ஃபி எல்லாம் செஞ்சவரு, 1996ல மைக்ரோசாஃப்ட்டுக்கு போனாரு. 1995ல வந்த டெல்ஃபியிலயே ஆளையும் வேலையையும் சேத்து பிடிக்குற மெத்தட் பாயிண்டர் இருந்துச்சு. மைக்ரோசாஃப்ட்டுக்க ஜாவாவான விஷுவல் ஜே பிளஸ் பிளஸ் 6ல, 1998ல, டெலிகேட்ட கொண்டு வந்தாங்க, ஜாவாவ உண்டாக்குன சன் கம்பெனி இது ஜாவாவுக்கு ஒத்து வராது, இன்னர் கிளாஸ் இருக்கும்போது இது எதுக்குன்னு மறுத்து எழுதிச்சு. பிறவு 2002ல டாட்நெட்டோட (சி ஷார்ப் புரோகிராம் ஓடுற மைக்ரோசாஃப்ட் தளம்) வெளிவந்த சி ஷார்ப்ல அது முதல் வெர்ஷன்லயே உக்காந்துருச்சு. ஜாவால லாம்டா (பேரு வைக்காம அந்த இடத்துலயே எழுதுற குட்டி மெத்தட்) வர 2014 ஆச்சு, அதுவும் உள்ள ஒரு மெத்தட் இன்டர்ஃபேஸ் தான். அதனால தம்பி கேட்டது ஒண்ணும் மடத்தனமான கேள்வி இல்ல, பெரிய பெரிய ஆளுங்களே அடிச்சுக்கிட்ட கேள்வி.

பதில் என்னன்னா, இன்டர்ஃபேஸ்னா ஒரு கிளாஸ் அத ஒரு தடவ தான் சொந்தமாக்க முடியும். ஒரே வியாபாரி சாளைக்கு ஒரு நம்பரும் நெய்மீனுக்கு வேற நம்பரும் குடுக்கணும்னா இன்டர்ஃபேஸ்ல உள்ள ஒரே மெத்தட்டுக்குள்ள இஃப் எல்ஸ்னு போட்டு பிரிக்கணும், டெலிகேட்ல ரெண்டு மெத்தட்ட ரெண்டு இடத்துல குடுத்தா முடிஞ்சுது, மெத்தட் பேரு எதுவா வேணா இருக்கலாம், பிரைவேட்டா இருந்தாலும் உள்ள இருந்தே எடுத்துக் குடுக்கலாம். ஆனா ரெண்டு மூணு வேலை சேந்தே வரும்னா, இப்பம் பேமென்ட்னு வச்சா பணம் எடுக்கணும், திருப்பணும், ரசீது குடுக்கணும், அப்பம் இன்டர்ஃபேஸ் தான் அழகு, மூணு டெலிகேட்ட கையில பிடிச்சுட்டு அலையுறது அசிங்கம். இந்த ரெண்டாவது பாதிய சாரு சொல்லல, நான் சொல்லுறேன். அவரு டெலிகேட் மேல உள்ள பாசத்துல இன்டர்ஃபேஸ கொஞ்சம் மட்டம் தட்டுனாரு.

ஞாயித்துக்கிழமை லாம்டா. 2005ல சி ஷார்ப் 2ல பேரில்லாத மெத்தட் வந்துச்சு, 2007ல மூணாவது வெர்ஷன்ல லாம்டா வந்துச்சு, அதோட எழுதுற கஷ்டம் எல்லாம் போச்சு, சரி. இடைவேளையில நான் லேப்டாப்ப தூக்கிட்டு போய் எனக்க மூணு பேப்பர் கோட காட்டுனேன். அவரு சாயா கிளாஸ கீழ வைக்கக் கூட இல்ல, ஒரு எட்டு பாத்துட்டு "இது லாம்டால்லா"ன்னாரு.

விஷயம் இது தான். நான் பிளஸ்-ஈக்குவலுக்கு பக்கத்துல ஒரு லாம்டா எழுதிருந்தேன். மைனஸ்-ஈக்குவலுக்கு பக்கத்துலயும் அதே லாம்டாவ, எழுத்துக்கு எழுத்து அப்படியே, இன்னொரு தடவ எழுதிருந்தேன். என் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. கம்பைலருக்கு ரெண்டும் வேற வேற மெத்தட், பேரில்லாத ரெண்டு ஆளு, ஒரே முகம், அவ்வளவு தான். டெலிகேட் ரெண்டு சமம்னா டார்கெட்டும் ஒண்ணா இருக்கணும், மெத்தட்டும் ஒண்ணா இருக்கணும். நோட்டுல இல்லாத நம்பர எடுன்னு சொன்னா தரகரு "இல்லியே"ன்னு கூட சொல்ல மாட்டாரு, பேசாம நோட்ட மூடிருவாரு, எர்ரரும் கிடையாது எக்ஸெப்ஷனும் கிடையாது. லாம்டாவ ஒரு வேரியபிள்ல வாங்கி வச்சு அதையே சேத்து அதையே எடுக்கணும், இல்லன்னா ஒழுங்கா பேரு வச்ச மெத்தட் எழுதணும். வீட்டுக்கு வந்து பேரு வச்சு ஒரு மெத்தட் எழுதி மாத்துனேன், அந்த கேவலமான ஃப்ளாக்கையும் தூக்குனேன், ஆறு வரி. ஃபீஸ் 5,500ம் அந்த சாயா குடிக்குற நேரத்துல வசூல் ஆயிருச்சுன்னு வச்சுக்கிடுங்க.

இனி திட்டுறது.

பிரின்ட் பண்ணி குடுக்குற நோட்ஸ் ரொம்ப பழசு. அதுல ஒரு முழுப் பக்கம் டெலிகேட்டுக்க பிகின்-இன்வோக் வச்சு பேக்கிரவுண்ட்ல வேலை ஓட்டுறது எப்படின்னு இருக்கு. நான் டாட்நெட் 8 போட்ட லேப்டாப்ல அடிச்சு பாத்தேன், அழகா கம்பைல் ஆச்சு, ஓடும்போது இந்த பிளாட்ஃபாரத்துல இது இல்லன்னு எக்ஸெப்ஷன். டாட்நெட் கோர் வந்ததுல இருந்தே அது கிடையாது, பழைய ஃபிரேம்வொர்க்ல மட்டும் தான், இப்பம் டாஸ்க் தான் போடணும். (கன்ட்ரோலுக்கு உள்ள பிகின்-இன்வோக் வேற, அது இப்பமும் ஓடும், ரெண்டையும் குழப்பிக்கிடாதீங்க.) காலேஜ் பிள்ளைங்க இத நம்பி இன்டர்வியூல போய் சொன்னா என்ன ஆவும்? கேட்டதுக்கு "அடுத்த பேட்ச்ல மாத்திருவோம்"னாரு. நல் செக்கும் அப்படித்தான், ஈவென்ட்ட லோக்கல் வேரியபிள்ல காப்பி எடுத்து, நல்லான்னு பாத்து, பிறவு கூப்பிடுன்னு மூணு வரி, 2015ல சி ஷார்ப் 6லயே கேள்விக்குறி புள்ளி போட்டு இன்வோக்குன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. ஆனா அந்த காப்பி எதுக்குன்னு சாரு வாயால சொன்னது நல்லாருந்துச்சு, டெலிகேட்ட யாரும் உள்ள கை வச்சு திருத்த முடியாது, நம்பர் சேக்கும்போது பழைய நோட்ட அப்படியே விட்டுட்டு புது நோட்டு ஒண்ணு எழுதுது, அதனால நம்ம கையில பிடிச்ச நோட்டுல நடுவுல எவனும் கிழிக்க முடியாது. நோட்ஸ்ல இது ஒரு வரி கூட இல்ல.

குளோஷர அவரு தொட்டுட்டு ஓடிட்டாரு, அது பெரிய குறை. லாம்டா வெளிய உள்ள வேரியபிளோட மதிப்ப தூக்கிட்டு போகாது, வேரியபிளையே தூக்கிட்டு போகும். ஃபார் லூப்ல பத்து பட்டன் உண்டாக்கி ஒவ்வொண்ணுக்கும் லாம்டா மாட்டுனா எத அமுக்குனாலும் 10னே காட்டும், ஏன்னா பத்து லாம்டாவும் பிடிச்சிருக்குறது லூப் எண்ணுற ஒரே 'ஐ'ய, லூப் முடியும்போது அது 10ல நிக்கும். உள்ள ஒரு தனி வேரியபிள்ல வாங்கி குடுத்தா சரியாகும். ஃபார்ஈச்ல இந்த தொல்லைய 2012ல, அஞ்சாவது வெர்ஷன்ல சரி பண்ணிட்டாங்க, ஃபார்ல இப்பமும் அப்படியே தான். டேபிள் நம்பர் பட்டன் வச்ச ஹோட்டல் பில்லிங் எழுதுற எவனும் ஒரு தடவையாவது இதுல விழுவான், நான் விழுந்திருக்கேன், எட்டாவது டேபிளுக்கு அடிச்ச பரோட்டா வேற எங்கயோ போச்சு. இதுக்கு அரை மணி நேரம் குடுத்திருக்கலாம், அதுக்கு பதிலா ஈவென்ட் பேரு எப்படி வைக்கணும், 'sender' (ஈவென்ட்ட கிளப்புன ஆப்ஜெக்ட்) முன்னால வரணும் 'e' (ஈவென்ட்டுக்க தகவல்) பின்னால வரணும்னு முக்கா மணி நேரம் போச்சு.

இன்னொரு தம்பி ஐபோன் ஆப் படிச்சுட்டு வந்தவன், அவனுக்கு முதல் நாளே குழப்பம், ஏன்னா ஆப்பிள் பக்கம் டெலிகேட்னா அது ஒரு டைப்பே இல்ல, ஒரு பழக்கம். டேபிள் வியூ (ஸ்கிரீன்ல லிஸ்ட் காட்டுற பகுதி) தன்னோட முடிவுகள வேற ஒரு ஆப்ஜெக்ட் கிட்ட ஒப்படைக்கும், பொதுவா ஒரே ஒரு ஆளு, அவர வீக்கா தான் பிடிக்கும், நம்ம நோட்டு மாதிரி இறுக்கிப் பிடிக்காது. பேரு ஒண்ணு, சாமானம் வேற. சாரு "அத விடு மக்கா, இங்க சி ஷார்ப்"னு தாண்டிட்டாரு. ரெண்டு நிமிஷம் சொல்லிருந்தா அவன் ரெண்டு நாள் முழிச்சிருக்க மாட்டான்.

அப்புறம் 'இனி சொந்தமா டெலிகேட் டைப்பு எழுதவே வேண்டாம், ஆக்ஷனும் ஃபங்கும் (டாட்நெட்லயே ரெடிமேடா வர்ற டெலிகேட்டுங்க) போதும்'ங்குற அவருக்க சட்டம். முக்கால்வாசி இடத்துக்கு சரிதான். ஆனா ஃபங்க் போட்டு உள்ள டெசிமல், டெசிமல், இன்ட், டெசிமல்னு நாலு இருந்தா எது விலை எது வரி எது எண்ணிக்கைன்னு ஆறு மாசம் கழிச்சு எழுதுனவனுக்கே தெரியாது. 'வரி கணக்கு'ன்னு பேரு வச்சு பாராமீட்டருக்கும் பேரு வச்சு ஒரு டெலிகேட் எழுதுனா படிக்கலாம். பாராமீட்டர்ல ரெஃப், அவுட் (உள்ள மாத்துனத வெளிய கொண்டு வர்ற குறி) வந்தா ஃபங்க், ஆக்ஷன்ல எழுதவும் முடியாது, சொந்தமா எழுதித்தான் ஆகணும். இத கேட்டப்பம் "நீங்க பழைய ஆளு"ன்னுட்டாரு. இருக்கட்டும்.

ரூமு பத்தி சொல்லணும்னா, 18 பேருக்கு ரெண்டு ஃபேன், பின் வரிசையில சார்ஜிங் பாயிண்ட் கிடையாது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டு போங்க. கரண்ட் போனா யூபிஎஸ் போர்டு லைட்டுக்கு மட்டும். கீழ உள்ள சாயாக் கடையில ஏத்தன்பழ பஜ்ஜி ஃபர்ஸ்ட் கிளாஸ், பதினொண்ணரைக்கு சூடா வரும், லேட்டா இறங்குனா கிட்டாது, முன் பெஞ்சு பிள்ளைங்க முதல்ல ஓடிரும். ஆபீஸ்ல உக்காந்திருக்குற ஆளு 'நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்'னு பேசுனா சிரிச்சுட்டு விட்டுருங்க, சாரே எங்க கிட்ட "நான் வேலை வாங்கித் தருவேன்னு சொல்லல மக்களே"ன்னு நேரா சொன்னவரு. சர்டிஃபிகேட்ல எனக்க இனிஷியல் தப்பு, மாத்தித் தரேன்னு வாங்கி வச்சது இன்னும் வரல. கோர்ஸ் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு, 'நியூ பேட்ச் ஸ்டார்ட்ஸ்'னு வாட்ஸ்அப்ல தினமும் ரெண்டு மெசேஜ், மூணு தடவ எனக்க நம்பர எடுங்கன்னு எழுதியும் வருது. மைனஸ்-ஈக்குவல் ஆபீஸ் ரூமுக்கு இன்னும் நடத்தல போல.

யாரு போகலாம்? கோட் ஒரு வருஷமாவது அடிச்சு, ஈவென்ட்ல கைய சுட்டவங்க போகலாம், அவங்களுக்கு அந்த நாலாவது வாரம் தங்கம். ஒண்ணுமே தெரியாம புதுசா படிக்கணும்னா வேற இடம் பாருங்க, முதல் மூணு வாரத்துலயே தூங்கிருவீங்க. முழு கோர்ஸ் வேண்டாம், டெலிகேட் ரெண்டு நாள் மட்டும் உக்காரட்டுமான்னு சாரு கிட்ட நேரா கேட்டுப் பாருங்க, எங்க பேட்ச்ல ஒரு அண்ணன் அப்படி வந்து 1,000 ரூபா குடுத்துட்டு போனாரு. ஆபீஸ்ல கேட்டா முடியாதும்பாங்க. ஸ்டார் கேட்டா அஞ்சுக்கு மூணரை, நோட்ஸ மாத்துனா நாலு.

ஜவுளிக்கடை அண்ணாச்சி போன வாரம் மறுபடி போன் பண்ணுனாரு, இந்த தடவ ஒரு பேப்பர் கூட வரலன்னு. நெஞ்சு பதறி தக்கலைல இருந்து பைக்க எடுத்துட்டு ஓடுனேன். ரோல் தீந்திருந்துச்சு.